வாசலில் நிற்கிற சொற்கள்
(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அவர்களே, வேலையை விட்டுவிட்டு மதுரையிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, மைக்செட் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் துண்டு போர்த்திய நிர்வாகிகளுக்குத் தனி நன்றி. துண்டு நாளைக்கே உதவும்.

அனுமதி, பிரவேசம், உத்தரவு என்று மூன்று சொற்களைப் பற்றிப் பேசப்போகிறேன்.

கச்சேரி நோட்டீஸில் 'அனுமதி இலவசம்' என்றால் சும்மா வா என்று பொருள். ஆஸ்பத்திரியில் அனுமதி என்றால் படுத்துக்கொள் என்று பொருள். உசிலம்பட்டியில் எங்கள் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி. மதுரையிலிருந்து பேரன் போனில், "தாத்தாவை மருத்துவமனையில் அனுமதித்துவிட்டார்கள்" என்று செய்தி வாசிப்பது போலச் சொன்னான். பெரியம்மாவுக்குக் கோபம். "அவரை உள்ள விடமாட்டேன்னு எவன்டா சொன்னது?" ரசம் சாதத்தைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். வாசலில் வாட்ச்மேன், "நேரம் முடிஞ்சுபோச்சு, அனுமதி இல்லை" என்கிறார். "அனுமதிச்சாச்சுன்னு பேரன் சொன்னானே?" "அது நோயாளிக்கு, பாட்டி." "அப்ப நானும் படுத்துக்கிறேன், என்னையும் அனுமதி" என்று முந்தானையை விரித்துவிட்டார்! அந்தப் பக்கம் வந்த டாக்டரே "பாட்டியை விடுப்பா" என்கிறார். வாட்ச்மேன் "பாஸ் எங்கே?" என்கிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்!

சரி, பிரவேசம். 1939 ஜூலை 8 அன்று மதுரை வக்கீல் வைத்தியநாதய்யர், சாதியைச் சொல்லி அதுவரை உள்ளே விடப்படாதவர்களில் கக்கன் உள்ளிட்ட சிலரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அதை ஆலயப் பிரவேசம் என்றுதான் சொல்கிறோம், ஆலய அனுமதி என்று சொல்வதில்லை. கால் முதலில் உள்ளே போனது. சட்டம் அப்புறம்தான் வந்தது. மீனாட்சி யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சாமி வரம் கொடுத்தாலும்... மீதியை நீங்களே சொல்லுங்கள்.

நம் நூலக வாசலில் 'அனைவரும் வருக' என்று போர்டு. போர்டுக்குக் கீழே 5 படி, கைப்பிடி கிடையாது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை கீழேயே இருக்கிறது. அப்பா மேலே போய்ப் புத்தகம் எடுத்துவந்து காட்டுகிறார். பிள்ளை உதட்டைப் பிதுக்கினால் மறுபடி ஏறுகிறார். பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் போக வழி வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அன்றைக்குச் சட்டம் பின்னால் வந்தது. இங்கே சட்டம் எப்போதோ வந்துவிட்டது, சக்கரம்தான் வெளியே நிற்கிறது. படிகளின் உயரம் இரண்டரை அடி. ஓர் அடிக்கு 12 அடி நீளம் என்றால் சாய்தளத்துக்கு 30 அடி வேண்டும். சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தள்ளிவைத்தால் இடம் இருக்கிறது, அளந்துவிட்டேன்.

உத்தரவைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பேரூராட்சியில் ஒரு தீர்மானம் போட்டு மாவட்ட நூலக அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும். மனு கையிலேயே இருக்கிறது ஐயா, இறங்கும்போது தருகிறேன். வணக்கம்.