எங்க லிமிட் இல்லை

நேயர்களுக்கு வணக்கம். ஒரு பொய்யிலிருந்து தொடங்குகிறேன். நான் சொன்ன பொய்தான்.

சில வருடங்களுக்கு முன், நல்ல ஐப்பசி மழை. சென்னையின் தென்புறநகரில் ஒரு மேம்பாலத்துக்கு அடியில் ஓர் அம்மா படுத்துக் கிடப்பதாகத் தகவல் வந்தது. இரவில் தெருவோரம் படுப்பவர்களைக் காப்பகத்தில் சேர்க்கும் சின்னக் குழு எங்களுடையது. மூன்று பேர் போனோம். அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். இடது காலில் ஆறாத புண். பக்கத்தில் ஒரு வயர் கூடை. அதற்குள் மடித்த சேலை, எவர்சில்வர் டம்ளர், லேமினேட் செய்த ரேஷன் கார்டு நகல். விழுப்புரம் பக்கத்து முகவரி.

போன் போட்டோம். ஓர் அலுவலகத்தில், "பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார்கள். சொன்னோம். "அது எங்க லிமிட் இல்லையே சார்." அடுத்த இடத்தில், "எங்ககிட்ட காப்பகமே கிடையாது, சிட்டிக்குக் கொண்டுபோயிடுங்க" என்றார்கள். யாரும் எரிந்து விழவில்லை. ஒருவர், "சாப்பிட்டாங்களா?" என்றுகூடக் கேட்டார். மணி பன்னிரண்டரை.

கடைசியில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வந்தோம். காப்பகத்தில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எங்கேயிருந்து கூட்டிட்டு வர்றீங்க?" என்றார் பொறுப்பாளர். "சைதாப்பேட்டை, பாலத்தடி" என்றேன். உண்மையைச் சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டாரோ என்ற பயம். சொல்லியிருந்தாலும் சேர்த்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தப் பொய் என்ன செய்தது என்று பாருங்கள். சென்னையின் கணக்கில் ஓர் ஆள் கூடினார். அந்தப் புறநகரின் கணக்கில் ஒருவரும் இல்லை. அடுத்த முறை யாராவது அங்கே போய்க் காப்பகம் கேட்டால், "எங்க ஊர்லதான் அப்படி யாருமே இல்லையே" என்பார்கள். காகிதத்தைப் பார்த்தால் அது சரிதான்.

காப்பகம் கட்டுவது யாருடைய கருணையையும் நம்பிய விஷயம் இல்லை. டெல்லியில் குளிர்காலத்தில் ஓர் இரவுக் காப்பகத்தை இடித்த விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அதையொட்டி 2010ல் உச்ச நீதிமன்றம், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது வருடம் முழுக்க, இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. பின்னால் வந்த மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டமும் அதே லட்சக் கணக்கையே எடுத்துக்கொண்டது.

இந்தக் கணக்கு பெரிய நகரத்துக்குப் பொருந்தும். புறநகரில் இடிக்கும். இருபதாயிரம் பேர் உள்ள பேரூராட்சிக்கு எத்தனை காப்பகம்? ஐந்தில் ஒரு பங்கா? பெருநகரை ஒட்டியிருக்கும் ஊராட்சிகள் பாதி நகரமாக மாறிவிட்டாலும் சட்டப்படி கிராமங்கள்தான். நகர்ப்புறத் திட்டம் அந்தப் பக்கமே போகாது.

எல்லை என்பதே நாம் போட்ட கோடு. 2011ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அம்பத்தூரும் ஆலந்தூரும் திருவொற்றியூரும் உள்ளே வந்தன. அம்பத்தூரில் கடை வாசலில் படுத்திருந்தவர் புரண்டுகூடப் படுக்கவில்லை, ஆனால் சென்னைவாசி ஆகிவிட்டார். பிறகு 2019ல் ஆவடியும் 2021ல் தாம்பரமும் தனி மாநகராட்சிகள் ஆயின. மின்சார ரயிலில் போகிறவருக்கு இந்தக் கோடு எதுவும் கண்ணில் படுவதில்லை. படுக்க இடம் தேடுகிறவருக்கு மட்டும் பட வேண்டுமா?

புறநகரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. நகரம் என்ன செய்தது? ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்த குடிசைகளை எடுத்து, மக்களைத் தெற்கே தொலைவில் இருக்கும் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியது. வீடு கிடைத்தது, ஆனால் வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. பாரிமுனைப் பக்கம் பூ விற்கும் ஒருவரை எனக்குத் தெரியும். பெரும்பாக்கத்தில் அவர் பெயரில் வீடு இருக்கிறது. விடியற்காலைப் பூ வியாபாரத்துக்குப் பேருந்து ஒத்துவராததால் வாரத்தில் நாலு நாள் கடை வாசலில், பேரனோடு படுக்கிறார். எந்த வீடற்றோர் கணக்கெடுப்பிலும் அவர் வரமாட்டார். நகரம் ஏழையை வெளியே தள்ளுகிறது, புறநகர் உள்ளே அனுப்புகிறது. இடையில் அலைவது அவர்கள்தான்.

பேருந்து நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனையில் நின்றன. 2002ல் கோயம்பேட்டுக்குப் போயின. 2023 டிசம்பரில், தெற்கே போகிற பேருந்துகளுக்காகக் கிளாம்பாக்கம் திறந்தது. அது செங்கல்பட்டு மாவட்டம். திறந்தபோது எந்த மாநகராட்சிக்குள்ளும் இல்லை. விளக்கு, தண்ணீர், கழிப்பறை, நாலு ஆள் நடமாட்டம், மூட்டை தூக்கும் வேலை எல்லாம் ஓரிடத்தில் இருந்தால், போக்கிடம் இல்லாதவர்களும் அங்கே வந்து சேர்வார்கள். ஊரை விட்டு வருகிறவர் முதலில் கால் வைக்கும் இடமும் அதுதான். நிலையத்தைப் பெருநகருக்கென்று கட்டினோம். அதன் வாசலில் படுப்பவரை மட்டும் அந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றால் எப்படி?

சரி, என்னதான் செய்யலாம்? இன்று ராத்திரி ஆள் எங்கே கிடக்கிறாரோ, அந்த எல்லைக்காரர் கதவைத் திறக்க வேண்டும். ஊர், ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் நாளைக்குக் கேட்கலாம். இது புதிய யோசனை இல்லை. 2017ம் ஆண்டு மனநலச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் தெருவில் திரிபவர் எந்தக் காவல் நிலைய எல்லையில் இருக்கிறாரோ, அவரைப் பாதுகாப்பது அந்த நிலையத்தின் பொறுப்பு. சொந்த ஊர் எது என்பது பிறகு. மனநோய்க்கு ஒத்துக்கொண்டதைக் கால் புண்ணுக்கும் பசிக்கும் ஏன் ஒத்துக்கொள்ளக் கூடாது?

ஆனால் கதவைத் திறப்பவரே மொத்தச் செலவையும் ஏற்க வேண்டும் என்றால், யாரும் திறக்க மாட்டார்கள். அதனால் பணம் பொதுவாக இருக்க வேண்டும். பெருநகர எல்லை முழுக்கக் கட்டடங்களுக்கு மேம்பாட்டுக் கட்டணம் வாங்குகிறோம். அதில் ஒரு சிறு பங்கை ஒரே கணக்கில் போட்டு, எந்த ஊர் எத்தனை படுக்கை வைத்திருக்கிறதோ அதற்கேற்பக் கொடுக்கலாம். நாலைந்து ஊராட்சிகள் சேர்ந்து ஒரு காப்பகம் நடத்தலாம்.

அப்புறம், இடம். இதுதான் உண்மையான சிக்கல். எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் காப்பகப் பேச்சை எடுத்தேன். "நல்ல காரியம் சார், ஆனா இங்க வேண்டாம்" என்றார்கள். காபி கொடுத்து, சிரித்தபடிதான் சொன்னார்கள். ஜப்பானில் டோக்கியோ இதற்கு ஒரு வழி கண்டது. அங்குள்ள 23 வார்டுகளும் நம் வார்டு மாதிரி இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனி மேயர் உண்டு. அவற்றை ஐந்து தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்கு ஒரு வீடற்றோர் மையம் வைத்தார்கள். சுமார் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அது அதே தொகுதிக்குள் அடுத்த வார்டுக்கு மாறும். செலவை டோக்கியோ பெருநகர அரசும் வார்டுகளும் பகிர்ந்துகொள்கின்றன. நம் வீட்டுப் பக்கம் நிரந்தரமாக வருகிறது என்றால் எதிர்ப்பவர்கள், ஐந்து வருடம் நம் முறை என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய ஊர்க்காரர்கள்தானே நாம்.

அந்த அம்மா காப்பகத்தில் நாலு மாதம் இருந்தார். புண் ஆறியது. ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்துப் போனார். போகும் நாளில் கையெழுத்துக்காகப் பதிவேட்டை எடுத்தார்கள். மீட்கப்பட்ட இடம் என்ற கட்டத்தைப் பொறுப்பாளர் சத்தமாகப் படித்தார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "சைதாப்பேட்டைன்னா எந்தப் பக்கம் தம்பி? நான் அங்க போனதே இல்லையே" என்றார்.