மோகன்தாஸின் பெயர்

எல்லோருக்கும் வணக்கம்.

தொண்ணூறுகளின் நடுவில் மத்தியப் பிரதேசத்தில், கோத்மா பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்தேன். நிலக்கரிச் சுரங்கப் பகுதி. ஒரு நாள் ஒரு பெரியவர் பாஸ்புக்கை நீட்டினார். பாஸ்புக்கில் இருந்த பெயரும் அவர் கொண்டுவந்த தாளில் இருந்த பெயரும் ஒத்துப்போகவில்லை. கையெழுத்து கிடையாது, கைநாட்டுதான். புகைப்படமும் மங்கிப்போயிருந்தது. "இது நீங்கள்தான் என்று சொல்ல யாரையாவது கூட்டி வாருங்கள்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நான்தான் வந்திருக்கிறேனே" என்றார்.

அவர் அப்புறம் வரவில்லை. எனக்கும் வேலை மும்முரத்தில் மறந்துவிட்டது. பத்து வருடம் கழித்து, 2005-ல், 'ஹன்ஸ்' என்ற இந்தி இலக்கிய இதழில் 'மோகன்தாஸ்' என்ற நெடுங்கதையைப் படித்த ராத்திரி அந்தக் குரல் திரும்ப வந்தது. எழுதியவர் இந்தி எழுத்தாளர் உதய் பிரகாஷ். அவருடைய சொந்த ஊர் நான் வேலை பார்த்த அதே வட்டாரம். இன்று அவரைப் பற்றிப் பேசுங்கள் என்று நூலகத் தோழர்கள் கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். மோகன்தாஸ் மூங்கில் முடைகிற பசோர் சாதியைச் சேர்ந்தவன். கவிஞர் கபீரின் வழியைப் பின்பற்றுகிற கபீர்பந்திக் குடும்பம். அவர்களில் முதன்முதலாக பி.ஏ. தேறியவன், அதுவும் நல்ல மதிப்பெண்ணோடு. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குத் தேர்வாகிறான். சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருக்கிறான். கடிதம் வரவே இல்லை. வருடங்கள் போகின்றன. கூடை முடைகிறான், கூலிக்குப் போகிறான். அப்பா காச நோயில் கிடக்கிறார், அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது. அப்புறம்தான் தெரிகிறது, மேல்சாதிக்காரனான பிஸ்நாத் என்பவன் அந்தச் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு சுரங்கத்தில் 'மோகன்தாஸ்' என்ற பெயரிலேயே அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறான். சம்பளம், குடியிருப்பு, மரியாதை எல்லாம் அவனுக்கு. காலனியில் எல்லோரும் அவனை மோகன்தாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

திருட்டுக் கதைகள் நிறைய உண்டு. பொருளைத் திருடினால் இது என்னுடையது என்று சொல்ல உங்களுக்கு ஒரு பெயராவது மிச்சம் இருக்கும். இங்கே போனதே பெயர்தான். விசாரணைக்கு வருகிற அதிகாரி பிஸ்நாத் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு, அவன்தான் மோகன்தாஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். கதைக்குள் ஒரு நல்ல நீதிபதி வருகிறார். அவருக்கு கஜானன் மாதவ் முக்திபோத் என்று பெயர் வைத்திருக்கிறார் ஆசிரியர். 1964-ல் இறந்துபோன பெரிய இந்திக் கவிஞரின் பெயர் அது. மோகன்தாஸின் அப்பா பெயர் காபா, அம்மா பெயர் புத்லி, மனைவி பெயர் கஸ்தூரி. இவை யாருடைய வீட்டுப் பெயர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போர்பந்தர் வீட்டின் பெயர்களையெல்லாம் ஒரு கூடை முடைகிறவன் குடிசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தக் குடிசைக்குச் சுதந்திர இந்தியா என்ன கொடுத்தது என்று கேட்கிறார்.

நீதிபதி உண்மையைக் கண்டுபிடிக்கிறார், பிஸ்நாத் கைதாகிறான், பிறகு வெளியே வந்துவிடுகிறான். சரி, அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. பிஸ்நாத் அந்தப் பெயரில் செய்த குற்றங்களுக்காக, இப்போது போலீஸ் நிஜ மோகன்தாஸைப் பிடித்து அடிக்கிறது. கடைசியில் அவன் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறான்: எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன், நான் மோகன்தாஸ் இல்லை.

இந்த இடத்தை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். கோத்மாவில் என் கவுண்டர் முன்னால் நின்ற பெரியவர் 'நான்தான் வந்திருக்கிறேனே' என்று சொல்லும் நிலையிலாவது இருந்தார். மோகன்தாஸுக்கு அதுவும் போய்விட்டது.

இதை எழுதியவர் 1952-ல் சீதாபூர் என்ற கிராமத்தில் பிறந்தவர். உத்தரப் பிரதேசத்துச் சீதாபூர் நகரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது இன்றைய அனூப்பூர் மாவட்டத்தில் இருக்கிற சின்ன ஊர். நர்மதையும் சோன் நதியும் பிறக்கிற அமர்கண்டக் மலை அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. கோண்டு, பைகா பழங்குடிகள் வாழும் காடு, அந்தக் காட்டுக்கு அடியில் நிலக்கரி. அவருடைய அம்மா மிர்சாபூர்ப் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவர். வரும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தாராம். அதில் போஜ்புரி நாட்டுப்பாடல்களும், பறவை, விலங்குகளின் படங்களும் இருந்தன. அந்த நோட்டிலிருந்துதான் தனக்கு ஓவியமும் கவிதையும் வந்தன என்று அவர் சொல்லியிருக்கிறார்.

படிப்பு முதலில் அறிவியல், பிறகு சாகர் பல்கலைக்கழகத்தில் இந்தி எம்.ஏ., 1974-ல் தங்கப் பதக்கம். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். அதன் இம்பால் மையத்தில் கொஞ்ச காலம் ஆசிரியர். போபாலில் கலாசாரத் துறை அதிகாரி, தில்லியில் 'தினமான்' வார இதழில் துணை ஆசிரியர், பிறகு தொலைக்காட்சி, ஆவணப்படங்கள். 1993 முதல் எந்த வேலையிலும் இல்லாமல் எழுத்தை நம்பியே வாழ்ந்தவர். தங்கப் பதக்கம் வாங்கிய இந்தி மாணவர் நிரந்தரமாக ஓர் இந்தித் துறைக்குள் போய் உட்காரவில்லை. அந்தத் துறைகளைப் பற்றி அவருக்கு என்ன தோன்றியது என்று அறிய 2001-ல் வந்த 'பீலி சத்ரி வாலி லட்கி', அதாவது 'மஞ்சள் குடைப் பெண்' நாவலைப் படிக்க வேண்டும். ராகுல் என்ற மாணவன் அஞ்சலி ஜோஷி என்ற பிராமணப் பெண்ணை நேசித்து, அவளுக்காகவே இந்தித் துறைக்கு மாறுகிறான். உள்ளே போனால் யாருக்குச் சீட்டு, யாருக்கு வேலை என்று எல்லாமே சாதிக் கணக்கு. காதல் கதையாக ஆரம்பிப்பது ஒரு மொழியின் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியாகிவிடுகிறது. இந்தி உலகத்தில் பலருக்கு இது கசந்தது.

அவர் முதலில் அறியப்பட்டது கவிஞராக. 1980-ல் பாரத் பூஷண் அகர்வால் விருது வாங்கித் தந்த கவிதையின் பெயர் 'திபெத்'. ஒரு பையன் அப்பாவிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறான். திபெத்திலிருந்து வந்த லாமாக்களை அவன் பார்த்திருக்கிறான். யாராவது இறந்துபோனால் லாமாக்கள் சுற்றி நின்று தலை குனிந்துகொள்கிறார்கள், அவர்கள் மந்திரம் ஓதுவதில்லை, திபெத், திபெத் என்று முணுமுணுக்கிறார்கள், ராத்திரி முழுக்க அழுகிறார்கள் என்கிறான். கடைசியில், அவர்களும் நம்மைப் போலத்தான் அழுவார்களா அப்பா என்று கேட்கிறான். அந்தக் கவிதையில் இதற்குமேல் அரசியல் கிடையாது. ஊரை இழந்தவர்களிடம் ஊரின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது, அதுவே மந்திரமாகிவிட்டது. பெயர் என்ற விஷயத்தை இவர் கால் நூற்றாண்டுக்கு முன்னாலேயே தொட்டுவிட்டார் என்று எனக்கு மோகன்தாஸைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

மனம் கசந்த ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். 2009-ல் கோரக்பூரில், குடும்பத்தவர் ஒருவரின் நினைவாக நடந்த நிகழ்ச்சியில், அன்று அந்தத் தொகுதியின் எம்.பி.யாக இருந்த யோகி ஆதித்யநாத் கையால் ஒரு விருது வாங்கினார். இந்தி எழுத்தாளர்கள் பலர் கூட்டாகக் கண்டித்தார்கள். குடும்ப நிகழ்ச்சி என்று அவர் விளக்கம் சொன்னார். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. மோகன்தாஸை எழுதிய கை அந்த மேடையில் நீண்டிருக்க வேண்டாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்காக மோகன்தாஸைக் கீழே வைத்துவிட முடியுமா? என்னால் முடியவில்லை.

2010-ல் அதே 'மோகன்தாஸ்' நூலுக்கு சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. ஐந்து வருடம் போனது. 2015 ஆகஸ்ட் 30 காலையில் தார்வாடில் கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கி அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 'வசனம்' எனப்படும் பழைய கன்னடப் பக்தி இலக்கியத்துக்கே வாழ்நாளைக் கொடுத்தவர், அவரும் அகாடமி விருது பெற்றவர். தன் விருதாளர் ஒருவர் கொல்லப்பட்டும் அகாடமியிடமிருந்து உரக்க ஒரு சொல் வரவில்லை. செப்டம்பர் 4-ம் தேதி உதய் பிரகாஷ் தன் விருதைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். அப்போது அவருக்குப் பின்னால் யாருமே இல்லை. நயன்தாரா சாகல், அசோக் வாஜ்பாயி எல்லோரும் அறிவித்தது ஒரு மாதம் கழித்து, அக்டோபரில். பிறகு அது முப்பதுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் அலையானது. அக்டோபர் 23-ல் அகாடமி அவசரக் கூட்டம் கூட்டிக் கொலையைக் கண்டித்தது. அலை எழுந்த பிறகு அதில் சேர்வதும் நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஒரு மாதம் தனியாக நின்றாரே, அதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். அரசாங்க வேலையோ ஓய்வூதியமோ இல்லாத ஒருவர், மாநிலம் கடந்து, மொழி கடந்து, ஒரு கன்னட ஆய்வாளரின் பெயருக்காக அதைச் செய்தார்.

நேரமாகிவிட்டது. ஒரு கதையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். எண்பதுகளில் எழுதிய 'திரிச்'. அவருடைய எல்லாக் கதைகளிலும் எனக்கு இதுதான் முதல். திரிச் என்பது உடும்பு போன்ற ஒரு பிராணி. அதன் கண்ணை நேராகப் பார்த்துவிட்டால் விடாமல் துரத்தி வந்து கடிக்கும், கடித்தால் மனிதன் பிழைக்க மாட்டான் என்று அங்கே கிராமங்களில் நம்புகிறார்கள். பாம்பை அடித்தால் அதன் ஜோடி தேடி வரும் என்று நம்ம ஊரில் சொல்வதில்லையா, அதைப் போல. கதை சொல்கிற மகனுக்குச் சிறு வயதிலிருந்தே திரிச் துரத்துகிற கனவு வரும்.

அவனுடைய அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அதிகம் பேசாதவர். காட்டில் அவரைத் திரிச் கடித்துவிடுகிறது. மறுநாள் வீட்டு வழக்குக்காக நகரத்துக் கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டும். போகிற வழியில் விஷ முறிவு என்று யாரோ ஊமத்தை அரைத்துக் குடிக்க வைக்கிறார்கள். நகரத்தில் இறங்கும்போது அவருக்குத் தொண்டை வறண்டு, நாக்கு குழறுகிறது. தண்ணீர் கேட்க ஒரு வங்கிக்குள் போகிறார். கொள்ளைக்காரன் என்று நினைத்து அடித்துத் தள்ளுகிறார்கள். போலீஸ் நிலையத்தில் பைத்தியம் என்று விரட்டுகிறார்கள். ஒரு காலனியில் பையன்கள் கல்லால் அடிக்கிறார்கள். தான் யார் என்று சொல்லப் பார்க்கிறார், சொல் வரவில்லை. சாயங்காலத்துக்குள் செத்துப்போகிறார். நாள் முழுக்க அவர் எங்கெங்கே போனார், யார் யார் பார்த்தார்கள் என்று மகன் ஒவ்வொருவரிடமும் விசாரித்து, மணி மணியாகக் கோர்த்துச் சொல்வதுதான் கதை. யாருமே கெட்டவர்கள் இல்லை. வங்கிக்காரர் தன் வேலையைத்தான் செய்தார். அந்த வரிகளில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு மகன் ஒன்று கேட்கிறான். இத்தனை வருடமாக வந்துகொண்டிருந்த அந்தத் திரிச் கனவு, இப்போதெல்லாம் எனக்கு ஏன் வருவதில்லை?