கூரையில் காயும் வெயில்

(எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மங்கல விளக்கேற்றிய சிவஸ்ரீ குருக்கள் ஐயா அவர்களே, ஆசியுரை வழங்கிய பங்குத்தந்தை அவர்களே, வேலைப்பளுவுக்குள்ளும் வந்து அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, கமக்காரர் அமைப்பு உறவுகளே, தாய்மாரே, முன்னால் பாயில் இருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். ஓய்வுபெற்ற அதிபர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். மின்சாரம் இல்லாத வகுப்பறையில் மின்னோட்டத்துக்கான ஓம் விதியைப் படிப்பித்தவர் அவர். நான் இந்த மேடையில் நிற்பதே அவர் போட்ட பிச்சை.

மூன்று விடயம் பேச வந்தேன். இலங்கைக்கு மின்சாரம் வந்த வழி ஒன்று, மன்னார்க் காற்று இரண்டு, எங்கள் வீட்டு மின்பட்டியல் மூன்று.

எங்கள் ஆச்சி அடிக்கடி சொல்லுவா: "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமோ?" இந்த நாட்டின் எரிசக்தி வரலாற்றை அந்த ஒரு வரிக்குள் அடக்கலாம். மலையருவியில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் ஆய்வுரை படித்தார். லக்சபான நீர்மின் நிலையம் இயங்கியது 1950இல். முப்பத்திரண்டு வருடம்! பிறகு மகாவலித் திட்டத்தின் விக்டோரியா, கொத்மலை அணைகள். மழை பொய்த்தால் அவையும் பொய்த்தன. எண்ணெய்க்கு ஓடினோம். சுன்னாகம் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் அயற்கிணறுகளில் கலந்து என்ன செய்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2019இல் உயர் நீதிமன்றமே இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி. அதில் ஒரு துண்டுகூட எங்கள் மண்ணில் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளித்தால் கப்பலில் வருவதை இறக்கவும் முடியாது.

மன்னாரில் 2020இல் 30 காற்றாலைகள் சுழலத் தொடங்கின. நல்ல காற்று. அந்த மண்ணின் மக்கள் கேட்கிற கேள்விகளும் நியாயமானவை. அந்தக் கேள்விகளுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு கதை. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்குக் கறண்ட் நின்றது. மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, அது நனையுமளவு மட்டும் எண்ணெய் விட்டு, திரி கொளுத்திப் படித்தோம். இங்கே தலையாட்டுகிற தாய்மார் எத்தனை பேர்! எங்கள் முற்றத்தில் பெரியப்பாவின் சைக்கிள் தலைகீழாக நிற்கும். பின்சில்லில் டைனமோ, அதிலிருந்து இரண்டு வயர், வயரின் முனையில் றேடியோ. இரவுச் செய்திக்கு அயலெல்லாம் கூடிவிடும். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து அடங்கிவிடும். ஒருநாள், பேச்சுவார்த்தையோ என்னவோ, முக்கியமான செய்தி. "இன்று கொழும்பில்..." என்று தொடங்குகிறார், என் தோள் மரத்துப் போச்சு, கை நின்றுவிட்டது. முற்றம் முழுக்க நிசப்தம். பெரியப்பா எழும்பினார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடினேன். "தள்ளடா" என்று என்னை விலக்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே சுற்றத் தொடங்கினார். செய்தி முடிந்து, காலநிலையும் முடிந்து, பாட்டு வந்த பிறகும் நிறுத்தவில்லை. "இது என்ரை கறண்ட், ஆரும் வெட்டேலாது" என்றார். அந்தச் சொல் இன்றைக்கும் என் காதுக்குள் நிற்கிறது.

2022 மார்ச் கடைசியில் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் நாடு முழுவதும் 13 மணித்தியாலம் இருண்டபோது எனக்குப் பெரியப்பாதான் நினைவுக்கு வந்தார். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது. தீவு முழுவதும் இருண்டது. மின்பாவனை குறைந்த நாள், கூரைச் சோலார் நிறைந்த பகல். அதிர்ச்சியைத் தாங்கிப் பிடிக்கும் நீர்மின், அனல்மின் நிலையங்களின் பெரிய சுழலிகள் போதாமல் போயின. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. பகலில் கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று அறிவித்தார்கள். யோசித்துப் பாருங்கள்! மத்தியானம் வெயிலை வேண்டாம் என்கிறோம், மாலை ஏழு மணிக்கு டீசல் எரிக்கிறோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமோ? குறைவது வெயில் அல்ல, அதைச் சேமித்து வைக்கும் பற்றரி.

2030இல் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பது அரசின் இலக்கு. அதை எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் நான் ஊர் ஊராகக் கேட்டு வருவது. தெற்குப் பார்த்த நீளக் கூரை. பகல் முழுக்க வெயிலில் காய்கிறது. அதில் சோலார், கீழே ஓர் அறையில் பற்றரி. இரவு வகுப்புக்கு வெளிச்சம். புயல் நாளில் ஊர் வந்து தங்க, போனுக்குச் சார்ஜ் போட, தண்ணீர்த் தாங்கிக்கு மோட்டர் ஓட்ட ஓர் இடம். ஊரே பராமரிக்கட்டும்.

தலைவர் மணி அடித்துவிட்டார். மன்னார் மக்களின் கேள்விகள் பற்றியும் மின்பட்டியல் பற்றியும் பேச நேரமில்லை, மன்னிக்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதிய மனு வாசல் மேசையில் நீலக் கொப்பிக்குள் இருக்கிறது. பேனையும் கட்டி வைத்திருக்கிறேன். தேநீருக்குப் போகுமுன் ஒப்பம் வையுங்கள். பிரதேச செயலாளர் அம்மா, முதல் வரியை உங்களுக்காக வெறுமையாக விட்டிருக்கிறேன்.