ஒரு புத்தகத்துக்குப் பதினெட்டு சாட்சிகள்

(வாசகர் கூடுகை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

1773-இல் லண்டனில் ஒரு கவிதைப் புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் பிலிஸ் வீட்லி. ஏழெட்டு வயதில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டு, 1761-இல் பாஸ்டனில் விற்கப்பட்ட குழந்தை அவர். ‘பிலிஸ்’ என்பது அவரைச் சுமந்துவந்த கப்பலின் பெயர். ‘வீட்லி’ அவரை விலைக்கு வாங்கிய குடும்பத்தின் பெயர். தாய் தகப்பன் வைத்த பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

பாஸ்டனில் அந்தப் புத்தகத்தை அச்சிட முன்கூட்டியே சந்தா திரட்டிப் பார்த்தார்கள். போதிய ஆள் சேரவில்லை. அதனால்தான் லண்டன். அச்சானபோது கவிதைகளுக்கு முன்னால் ஒரு சான்றுப் பக்கம் இருந்தது. மாசசூசெட்ஸ் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன், வணிகர் ஜான் ஹான்காக், பிலிஸை விலைக்கு வாங்கிய ஜான் வீட்லி எனப் பதினெட்டு பேர் அதில் பெயர் கொடுத்திருந்தார்கள். இந்தக் கவிதைகளை இந்தப் பெண்தான் எழுதினாள் என்று நம்புவதாகச் சொல்லும் சான்று அது. நிலப் பத்திரத்துக்குக்கூட இரண்டு சாட்சி போதும். ஒரு கறுப்பினப் பெண் தன் கவிதைக்குப் பதினெட்டு சாட்சி காட்ட வேண்டியிருந்தது.

அந்தப் பக்கம் பிரபலமானது. எனக்கு அதைவிட வலிப்பது அவருடைய இரண்டாவது புத்தகம். 1779-இல் அதற்கும் அறிவிப்புக் கொடுத்தார். அச்சிட ஆளில்லை. 1784-இல், முப்பதை ஒட்டிய வயதில், வறுமையில் இறந்துபோனார். சில கவிதைகள் தனித்தனியே மிஞ்சின. அந்தக் கையெழுத்துக் கட்டு மட்டும் இன்றுவரை அகப்படவில்லை. முதல் புத்தகத்தை யாரோ காசு கொடுத்து வாங்கினார்கள், பெட்டியில் வைத்தார்கள், பிள்ளைகளுக்கு விட்டுப்போனார்கள். இரண்டாவதுக்கு அப்படி ஒரு வீடு வாய்க்கவில்லை.

அப்படி வீடு கொடுத்தவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஆர்துரோ ஷாம்பர்க் 1874-இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். பள்ளியில் ஆசிரியர் ஒருவர், கறுப்பர்களுக்கு வரலாறும் இல்லை, வீரர்களும் இல்லை என்று சொன்னதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததாகச் சொல்வார்கள். 1891-இல் நியூயார்க் வந்தார். ஒரு வங்கியில் தபால் பிரிவில் வேலை. லத்தீன் அமெரிக்க, கரீபியக் கடிதங்களைக் கையாளும் பிரிவுக்குத் தலைவராகி 1929-இல் ஓய்வு பெற்றார். ஊதியத்தில் மிஞ்சியதெல்லாம் பழைய புத்தகங்களுக்குப் போயிற்று. கறுப்பர் எழுதிய நூல், துண்டுப் பிரசுரம், கடிதம், ஓவிய அச்சு என்று எது கண்ணில் பட்டாலும் விடவில்லை. ஸ்பானிய மொழி தாய்மொழியாக இருந்தது அவருக்குப் பெரிய பலம். ஆங்கிலம் மட்டும் தெரிந்த சேகரிப்பாளர்கள் எட்டிப் பார்க்காத மூலைகளை அவர் பார்த்தார். பதினாறாம் நூற்றாண்டில் கிரானடாவில் லத்தீன் மொழியில் கவிதை எழுதிய ஹுவான் லத்தீனோ என்ற கறுப்பின அறிஞரை அவர் தேடிப் போனது அப்படித்தான்.

அவர் வாங்கி அடுக்கியதோடு நிற்கவில்லை. 1916-இல் அமெரிக்கக் கறுப்பர்களின் கவிதை நூல்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். பட்டியல் என்றால் பலருக்கு அலுப்பு. எனக்கு அப்படி இல்லை. ஒரு நூல் இருந்தது என்பதற்கு முதல் பதிவு அதுதான். பட்டியலில் பெயர் இருந்தால்தான் அடுத்து வருகிறவன் தேடுவான். 1925-இல் எழுதிய கட்டுரையை, அமெரிக்க நீக்ரோ தன் எதிர்காலத்தை ஆக்கிக்கொள்ளத் தன் கடந்தகாலத்தை மீண்டும் ஆக்கியாக வேண்டும் என்று தொடங்கினார். ‘நீக்ரோ’ அந்தக் காலத்துச் சொல். தன் மக்களைக் குறிக்க அவரே தலைநிமிர்ந்து எழுதிய சொல்.

மறுவருடம், 1926-இல், கார்னகி நிறுவனம் பத்தாயிரம் டாலர் கொடுத்து அந்தச் சேகரிப்பை வாங்கி நியூயார்க் பொது நூலகத்துக்கு வழங்கியது. நியூயார்க்கில் கறுப்பர்கள் நிறைந்த ஹார்லெம் பகுதியில் இருந்த 135-ஆம் தெருக் கிளைக்கு ஆயிரக்கணக்கில் நூல்கள் வந்து சேர்ந்தன. ஓய்வுக்குப் பிறகு, 1932 முதல் 1938-இல் இறக்கும்வரை, அவரே அங்கு காப்பாளராக இருந்தார். இன்று அந்த இடம் ஷாம்பர்க் கறுப்பினப் பண்பாட்டு ஆய்வு மையம். பட்டம் பெற்ற வரலாற்றுப் பேராசிரியர் இல்லை அவர், தபால் பிரிவு ஊழியர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதே ஆசிரியர் கதை இன்னொரு முறையும் நடந்திருக்கிறது. பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுனில் 1933-இல் பிறந்தவர் சார்லஸ் பிளாக்சன். நான்காம் வகுப்பில் கேள்வி கேட்டதற்கு, உங்களுக்கு வரலாறு கிடையாது, வெள்ளையருக்கு ஊழியம் செய்யப் பிறந்தவர்கள் என்று பதில் வந்ததாம். அவரும் பழைய புத்தகக் கடைகளுக்கு நடக்கத் தொடங்கினார். 1984-இல் தன் சேகரிப்பை டெம்பிள் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அடிமைகளை விடுதலைக்கு அழைத்துச்சென்ற ஹாரியட் டப்மனின் பொருள்கள் சில அவரிடம் வந்துசேர்ந்து, அவர் வழியாக வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றுள் ஒன்று டப்மன் வைத்திருந்த பாடல் புத்தகம். டப்மனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருந்தும் அதைத் தன்னோடு வைத்திருந்தார்.

இனி டோரதி போர்ட்டர். என்னைக் கேட்டால் இந்த உரையின் நாயகி அவர்தான். 1930-இல் வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் கறுப்பினச் சேகரிப்பை ஒழுங்குசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1973 வரை அங்கேதான். வாங்குவதற்குப் பணம் இல்லாததால் பதிப்பகங்களுக்கும் பழைய நூல் விற்பனையாளர்களுக்கும் எழுதிக் கேட்டுக் கேட்டு வாங்கினார்.

நூல்களை எங்கே அடுக்குவது என்பதில்தான் அவருக்குச் சண்டை வந்தது. நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூவி தசமப் பகுப்பு முறை நூலகங்களில் உண்டு, நமக்கும் பழக்கமானது. அன்றைய பல அமெரிக்க நூலகங்களில் கறுப்பர் எழுதிய நூல் எதுவானாலும் இரண்டு எண்களில் அடைத்தார்கள். 326 என்றால் அடிமை முறை. 325 என்றால் குடியேற்றம். கறுப்பினக் கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் எழுதிய கவிதைகள்கூட 325-இல் கிடந்ததாகப் போர்ட்டர் பின்னாளில் ஒரு நேர்காணலில் சொன்னார். அது மடத்தனம் என்றே சொன்னார். அவர் அந்த எண்களைத் தூக்கிப் போட்டார். கவிதை கவிதையோடும், மருத்துவம் மருத்துவத்தோடும், இசை இசையோடும் போய் உட்கார்ந்தன. கவிதை தேடி வந்த மாணவருக்கு இப்போது அந்தக் கவிஞர் கவிஞராகவே கிடைத்தார்.

1948-இல் அவர் ஒரு கையெழுத்துப்படி வாங்கினார். ஹன்னா கிராஃப்ட்ஸ் என்ற பெயரில், தப்பியோடிய அடிமைப் பெண் ஒருத்தி 1850-களில் எழுதிய நாவல் அது. எழுதியவர் கறுப்பினத்தவர்தான் என்று போர்ட்டர் உறுதியாக நம்பினார். காரணம் எவ்வளவு நுட்பம் பாருங்கள்: கதையில் வரும் கறுப்பர்களை அந்த ஆசிரியர் முதலில் மனிதர்களாகவே அறிமுகப்படுத்துகிறார், நிறத்தை அல்ல முன்னால் வைப்பது. எந்தச் சான்றுப் பக்கமும் இல்லாமல், வாசித்தே கண்டுபிடித்தார். வாழ்நாள் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்தார். 1995-இல் அவர் மறைந்தார். 2001-இல் ஏலத்துக்கு வந்ததைப் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் வாங்கினார், 2002-இல் நூலாயிற்று. 2013-இல் ஆய்வாளர் ஒருவர், எழுதியவர் வட கரோலினாவில் அடிமையாக இருந்த ஹன்னா பாண்ட் என்று அடையாளம் காட்டினார். கேட்ஸ் வாங்கும்வரை அந்தக் கட்டு பிழைத்திருந்ததே, அதற்கு அந்த நூலகர்தான் காரணம்.

கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டனின் கதையும் இதில் சேரும். அவர் 1960-இல் இறந்தபோது புத்தகங்கள் அச்சில் இல்லை, கல்லறையில் பெயரும் இல்லை. அடிமைக் கப்பலில் வந்து உயிரோடிருந்த முதியவர் ஒருவரை 1927-இல் சந்தித்து அவர் எழுதியது, ஹோவர்டின் சேகரிப்பில் காத்திருந்து, 2018-இல்தான் புத்தகமானது.

என் வீட்டிலும் இந்தப் புத்தகங்களை எல்லாம் ‘ஆப்பிரிக்கா, அமெரிக்கா’ என்று ஒரே தட்டில் தனியாக வைத்திருந்தேன். மரியாதை செய்வதாக நினைப்பு. போர்ட்டரைப் பற்றிப் படித்த அன்று ராத்திரி எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். வீட்லி கவிதைத் தட்டுக்குப் போனார். அடிமையாகப் பிறந்து தப்பிவந்து தன் கதையை எழுதிய ஃபிரெடரிக் டக்ளஸ், தன்வரலாறுகளோடு சேர்ந்தார். ஈழத்து எழுத்தாளர் என்.கே. மகாலிங்கம் ‘சிதைவுகள்’ என்று தமிழில் தந்த நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் நாவல், நம் நாவல்களுக்கு நடுவில் நிற்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் பதிப்பு தேடி அலைய வேண்டாம். மலிவுப் பதிப்பாக இருக்கட்டும், படித்துவிட்டு வையுங்கள். எங்கே, எப்போது வாங்கினீர்கள் என்று உள்பக்கத்தில் எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு அது யாரிடம் போக வேண்டும் என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள்.

‘சிதைவுகள்’ இரண்டு பிரதியும், 1845-இல் முதலில் வெளிவந்த டக்ளஸின் தன்வரலாறு ஒரு பிரதியும் கொண்டுவந்திருக்கிறேன். டக்ளஸ் மெல்லிய புத்தகம், ஒரே இரவில் முடித்துவிடலாம். வாசலருகே மேசையில் நோட்டு இருக்கிறது. பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவந்தால் போதும்.