நிறத்தை விடுங்கோ, செட்டையைப் பாருங்கோ

வணக்கம் தம்பி தங்கச்சிமார். கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில பூச்செடியளுக்குப் பக்கத்தில நிண்டு கதைக்கிறன். பின்னால வாகனச் சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

விஞ்ஞானப் போட்டிக்குப் படிக்கிற கனபேர் கேக்கிறது ஒண்டுதான்: பூச்சியளில இவ்வளவு வருணம் (நிறமில்ல, ஓடர் எண்டுற பெரிய பிரிவு), அதுக்குள்ள இவ்வளவு குடும்பம், எப்பிடி அண்ணா பாடமாக்கிறது? படத்தைப் பாத்து நிறத்தைப் பாடமாக்கினா போட்டியில கட்டாயம் தடுமாறுவீங்கள். நிறத்தால ஏமாத்தி உயிர் தப்புற பூச்சியள்தான் எத்தனை!

இந்தா, கமெராவைக் கிட்டக் கொண்டுவாறன். மஞ்சளும் கறுப்பும் வரிவரியா, அந்தரத்தில அசையாம நிக்குது. தேனீ எண்டுதான் சொல்லுவீங்கள். இது இலையான் இனம். வருணம் டிப்டெரா, குடும்பம் சிர்ஃபிடே. டிப்டெராவுக்கு ஒரு சோடிச் செட்டைதான். பின்செட்டை இருக்கவேண்டிய இடத்தில முனை பருத்த ரெண்டு குட்டிக் காம்பு இருக்கும், பேர் ஹால்டியர். பறக்கேக்க உடம்பு எந்தப் பக்கம் சரியுது எண்டு உணருறது அதாலதான்.

தேனீ, குளவி, எறும்பு எல்லாம் ஹைமெனொப்டெரா. செட்டை இருந்தா ரெண்டு சோடி. ஆனா பின்செட்டை முன்செட்டையோட நுண்ணிய கொளுக்கியளால கொளுவிக் கிடக்கும். மேலால பாத்தா ஒரு சோடி மாதிரித்தான் தெரியும். அப்ப உடன முகத்துக்குப் போங்கோ. தேனீயின்ர உணர்கொம்பு நீளம், இடையில மடிஞ்சிருக்கும். இந்த இலையானுக்குக் குட்டை, கண்ணும் பெரிசு. குடும்பத்தை உறுதிப்படுத்த வேணுமெண்டா வில்லையால செட்டையைப் பாருங்கோ: நரம்புகளுக்கு நடுவால, மற்ற நரம்புகளோட சேராத ஒரு பொய் நரம்பு ஓடும். சிர்ஃபிடேயின்ர கையெழுத்தே அதுதான். எனக்கு இதைப் பாக்கிற ஒவ்வொரு முறையும் சந்தோசமா இருக்கும்.

அடுத்த பொறி வண்டு. வண்டுகளின்ர வருணம் கொலியொப்டெரா, அதின்ர முன்செட்டை தடிச்ச மூடி. மூடினா முதுகு நடுவால ஒரு நேர்கோடு விழும். இப்ப ஸ்குட்டெலெரிடே குடும்பப் பூச்சியை எடுங்கோ. பச்சையும் நீலமுமா மினுங்கும், அசல் வண்டு மாதிரி. ஆனா அந்த நடுக்கோடு இல்ல, ஒரே கவசம் முதுகு முழுக்க மூடியிருக்கும். திருப்பிப் பாத்தா வயித்துப் பக்கமா மடிஞ்ச ஸ்ட்ரோ மாதிரி உறிஞ்சுற வாய். அது ஹெமிப்டெரா வருணம். வண்டு கடிச்சுச் சாப்பிடும், இது குத்தி உறிஞ்சும்.

வண்டுக்குள்ள குடும்பம் பிரிக்க உணர்கொம்பு உதவும். தென்னையை நாசமாக்கிற காண்டாமிருக வண்டு ஸ்கரபெய்டே, உணர்கொம்பு நுனியில தகடு தகடா விரியும். உடம்பளவு நீள உணர்கொம்பெண்டா பெரும்பாலும் செரம்பிசிடே. வெட்டுக்கிளியிலயும் அப்பிடித்தான்: குட்டைக் கொம்பு, காது வயித்துப் பக்கத்தில எண்டா அக்ரிடிடே. மயிர் மாதிரி நீளக் கொம்பு, காது முன்கால்ல எண்டா டெட்டிகொனீடே.

வண்ணத்துப்பூச்சி நாலு கால்ல நிக்குதெண்டா நிம்ஃபலிடேயை யோசியுங்கோ, முன்கால் சுருங்கிப் போயிருக்கும். எங்கட தேசிய வண்ணத்துப்பூச்சி ட்ரொயிடெஸ் டார்சியஸின்ர குடும்பம் பப்பிலியொனிடே, அது ஆறு காலிலயும் நிக்கும்.

ஒண்டு முக்கியம். பழைய புத்தகத்தில கறையானுக்கு ஐசொப்டெரா எண்டு தனி வருணம் இருக்கும். இப்ப கறையானைக் கரப்பானோட சேத்து பிளட்டோடியாவுக்குள்ளதான் வைக்கிறாங்கள். உங்கட போட்டியை நடத்திறவை தந்த பட்டியல் எதைப் பின்பற்றுது எண்டு முதல்ல பாத்திட்டுப் படியுங்கோ. விடை அந்தப் பட்டியலை வச்சுத்தான் திருத்துவினம்.

பயிற்சிக்குப் பூச்சியைக் கொல்லத் தேவையில்ல. போனால மேலால ஒண்டு, பக்கத்தால ஒண்டு, முகம் ஒண்டு எண்டு மூண்டு படம் எடுங்கோ. பேரை மறைச்சு வச்சு வீட்டில தங்கச்சியைக் கொண்டு கேள்வி கேக்கச் சொல்லுங்கோ.

அடுத்த வீடியோ பெத்தகான ஈரநிலப் பூங்காவில. தும்பி செட்டையை விரிச்சபடி இருக்கும், ஊசித்தும்பி பெரும்பாலும் முதுகுக்கு மேல சேத்து வைக்கும். ரெண்டையும் பக்கத்தில வச்சுக் காட்டுறன்.