வாட்ஸ்அப் மெசேஜ் கோர்ட்ல நிக்குமா? சந்தா கட்டாம சட்டம் தேடுற முறை

வணக்கம்ங்க. லா காலேஜ் மாணவர்கள், புதுசா சீனியர் ஆபீஸ்ல சேர்ந்த ஜூனியர்கள், கேஸ் கட்டு பாத்துக்கிற குமாஸ்தாக்கள், பாராலீகல் வேலை பாக்குறவங்க, உங்க எல்லாருக்கும்தான் இந்த வீடியோ. எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா மாதிரி காசு கட்டுற தளம் எதுவும் இல்லாம, இலவசமா கிடைக்கிறத மட்டும் வெச்சு பதில் எடுக்கப் போறோம். தளங்களோட பட்டியல வாசிச்சுட்டுப் போனா யாருக்கும் மனசுல நிக்காது. அதனால ஒரே ஒரு கேள்விய எடுத்து கடைசி வரைக்கும் போவோம்.

கேள்வி இதுதான். கட்சிக்காரர் ஒரு வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை பிரிண்ட் போட்டு கொண்டு வந்திருக்கார். "வாங்கின பணத்த அடுத்த மாசம் தந்துடுறேன்"னு எதிர்த்தரப்பு அனுப்பின மெசேஜ். இத சாட்சியமா கோர்ட்ல குறியீடு பண்ண, அதாவது எண் போட்டு ஆவணமா ஏத்திக்க, என்ன வேணும்?

இத கூகுள்ல போட்டா முதல் பக்கத்துலயே பத்து கட்டுரை வரும். 2018ல எழுதினது ஒண்ணு, மின்னணுப் பதிவோட சேர்த்துக் கொடுக்கிற சர்டிபிகேட், அதாவது அது எந்தக் கருவியில இருந்து எப்படி எடுத்ததுனு கையெழுத்துப் போட்டுத் தர்ற சான்று, கட்டாயமில்லைனு சொல்லும். 2021ல எழுதினது கட்டாயம்னு சொல்லும். ரெண்டுமே எழுதின அன்னைக்கு கடைசியா வந்திருந்த தீர்ப்ப வெச்சு சொன்னதுதான். எந்த தேதியில நின்னு படிக்கிறோம்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு. அதனால கட்டுரைய மூடிட்டு முதல்ல சட்டத்தத் திறங்க.

மத்திய அரசோட இண்டியா கோட் தளம் ஸ்க்ரீன்ல தெரியுது பாருங்க. மத்தியச் சட்டங்களும் மாநிலச் சட்டங்களும் பிரிவு பிரிவா இங்க இருக்கு. பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023, அதாவது புது சாட்சியச் சட்டம், 2023ஆம் வருஷத்து 47ஆம் சட்டம், அதத் திறங்க. 2024 ஜூலை 1ல இருந்து அமல்ல இருக்கு. பழைய எவிடன்ஸ் ஆக்ட்ல 65பியா இருந்தது இதுல பிரிவு 63. அதோட நாலாவது உட்பிரிவுதான் சர்டிபிகேட் பத்திப் பேசுது.

நிறைய பேர் பிரிவோட நிறுத்திடுறாங்க. ஸ்க்ரால் பண்ணி சட்டத்தோட கடைசிக்குப் போங்க, அங்க அட்டவணை இருக்கு. சர்டிபிகேட்டோட படிவமே அதுலதான் இருக்கு. பார்ட் ஏ, தாக்கல் பண்ற தரப்பு நிரப்பணும். பார்ட் பி, நிபுணர் நிரப்பணும். கருவியோட விவரம், சீரியல் நம்பர், ஃபைலோட கைரேகை மாதிரி இருக்கிற ஹாஷ் மதிப்பு, அந்த ஹாஷ் எந்த முறையில எடுத்தது, எல்லாத்துக்கும் இடம் விட்டிருக்கு. பழைய 65பி காலத்து மாதிரிப் படிவத்த ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்து பேர மட்டும் மாத்தினா பார்ட் பி விட்டுப் போயிடும். எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபணை பண்ண அதுவே போதும்.

அடுத்து, அதே சட்டத்துல பிரிவு 170. ஜூலை 1க்கு முன்னாடியே நிலுவையில இருந்த விசாரணை, மனு, அப்பீல் எல்லாம் பழைய எவிடன்ஸ் ஆக்ட் படிதான் நடக்கும்னு அது சொல்லுது. அப்படின்னா உங்க கேஸ் எந்த தேதியில கோர்ட்டுக்கு வந்துச்சுனு பாக்காம எந்தச் சட்டம்னே முடிவு பண்ண முடியாது. இண்டியா கோட்ல இன்னொரு எச்சரிக்கை: சமீபத்துத் திருத்தம் சில சமயம் ஏறாம இருக்கும். மத்தியத் திருத்தத்துக்கு ஈ-கெசட் தளம், தமிழ்நாட்டுத் திருத்தத்துக்கு மாநில எழுதுபொருள் அச்சுத் துறையோட தளத்துல வர்ற அரசிதழ், இந்த ரெண்டையும் ஒரு தடவை சரிபாத்துடுங்க.

சட்டம் கையில வந்தாச்சு. இப்ப தீர்ப்புகள்.

இண்டியன் கானூன். எல்லாருக்கும் தெரிஞ்ச தளம்தான், ஆனா தேடல் பெட்டியில சும்மா நாலு வார்த்தை போட்டு ஆயிரக்கணக்குல முடிவு வந்ததும் மலைச்சுப் போய் உட்காந்துடுறாங்க. அந்தப் பெட்டிக்குள்ளயே கட்டளை கொடுக்கலாம். சொற்றொடர் அப்படியே வேணும்னா இரட்டை மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. ரெண்டுல ஏதாவது ஒண்ணு போதும்னா ஆங்கிலத்துல ஆர்ங்கிற வார்த்தைய கடைசி எழுத்து ரெண்டு தடவை வர்ற மாதிரி, முழுக்க பெரிய எழுத்துல போடணும். ஆண்ட், நாட் ரெண்டுக்கும் இதே மாதிரிதான், கடைசி எழுத்து இரட்டிக்கும். டாக்டைப்ஸ்னு அடிச்சு கோலன் வெச்சு சுப்ரீம்கோர்ட்னு இடம் விடாம சேர்த்து அடிச்சா உச்ச நீதிமன்றம் மட்டும் வரும். நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு அங்க சென்னைனு அடிக்கணும். ஃப்ரம்டேட் கோலன் போட்டு தேதி கொடுத்தா அதுக்கு அப்புறம் வந்தது மட்டும்.

தேடும்போது பழைய பிரிவு எண்ணையும் சேர்த்துத் தேடணும், ஏன்னா பல வருஷத்துத் தீர்ப்புகள் எல்லாம் 65பிங்கிற பேர்லதான் கிடக்கு. எண் மாறினதுல ஒரு பெரிய வலையும் இருக்கு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.ல 482னா எஃப்.ஐ.ஆர். ரத்து கேட்டுப் போற மனு. அதுக்குப் பதிலா வந்த புது சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ல அது 528. ஆனா அதே பி.என்.எஸ்.எஸ்.ல 482ஆவது பிரிவு முன்ஜாமீன்! வெறும் 482னு தேடினா ரெண்டும் கலந்து வரும். எண்ணோட சட்டத்தோட பேரும் சேர்த்து அடிங்க.

இப்ப நம்ம கேள்விக்கு மூணு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து நிக்குது. அன்வர் பி.வி. எதிர் பி.கே. பஷீர், 2014. ஷஃபி முகமது எதிர் ஹிமாசலப் பிரதேச அரசு, 2018. அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் எதிர் கைலாஷ் குஷன்ராவ் கோரன்ட்யால், 2020. முதல் தீர்ப்பு சர்டிபிகேட் கட்டாயம்ங்குது. ரெண்டாவது, கருவி உங்க கைவசம் இல்லைன்னா தளர்த்தலாம்ங்குது. பிந்தினதுதானே செல்லும்னு 2018 தீர்ப்பை எடுத்துட்டுப் போனவங்க உண்டு. அங்கதான் சறுக்கல். தீர்ப்போட தலைப்புல நீதிபதிகள் பேர எண்ணுங்க. அன்வர் மூணு பேர் அமர்வு. ஷஃபி முகமது ரெண்டு பேர் அமர்வு. ரெண்டு பேர், மூணு பேர் சொன்னத மாத்த முடியாது. 2020ல மறுபடியும் மூணு பேர் அமர்வு உட்காந்து ஷஃபி முகமது தவறுனு சொல்லி, அன்வர் சொன்னதே சட்டம்னு உறுதி பண்ணிடுச்சு.

அதோட முடியல. 2020 தீர்ப்ப பொறுமையாப் படிச்சா நமக்கு உபயோகமான ரெண்டு விஷயம் கிடைக்கும். ஒண்ணு, மெசேஜ் இருக்கிற அசல் போனையே அதோட சொந்தக்காரர் கூண்டுல ஏறி காட்டினா, அந்த சர்டிபிகேட் வேண்டாம். ரெண்டு, சர்டிபிகேட் கொடுக்க வேண்டியவர் மறுத்தா கோர்ட்ல மனு போட்டு வரவழைக்கலாம். நம்ம கட்சிக்காரர் போன் இன்னும் கையில இருக்கானு கேக்குறதுதான் இந்த ஆராய்ச்சியில இருந்து வர்ற முதல் வேலை. போன மாத்திடாதீங்க, சாட்ட அழிச்சிடாதீங்கனு அன்னைக்கே சொல்லிடணும்.

இன்னொண்ணு கவனிங்க. சர்டிபிகேட்டுக்குப் பதிலா கம்ப்யூட்டர் பொறுப்புல இருந்தவரோட வாய்மொழி சாட்சியம் போதும்னு 2016ல மெட்ராஸ் ஹைகோர்ட் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. அதையும் இந்த 2020 தீர்ப்பு பேர் சொல்லி ரத்து பண்ணியிருக்கு. ஆனா அந்த 2016 தீர்ப்பு இன்னைக்கும் தேடினா வரும். இது செல்லாதுனு பக்கத்து உச்சியில சிவப்பு மையில எழுதியிருக்காது. அதனால எந்தத் தீர்ப்ப எடுத்தாலும், அத எடுத்துக்காட்டின மத்த தீர்ப்புகளக் காட்டுற சைட்டட் பைங்கிற இணைப்ப அழுத்தி, அதுல உச்ச நீதிமன்றத்த மட்டும் வடிகட்டி, புதுசு முதல்ல வர்ற மாதிரி அடுக்கி, மேல இருக்கிற சிலதையாவது திறந்து பாருங்க. பின்னாடி வந்த அமர்வு இத ஏத்துக்கிச்சா, வேறுபடுத்திச்சா, தூக்கிப் போட்டுச்சானு தெரியாம ஒரு தீர்ப்பும் சீனியர் மேஜைக்குப் போகக் கூடாது.

அடுத்து சைட்டேஷன், அதாவது ஒரு தீர்ப்பு எந்தத் தொகுப்புல எங்க இருக்குனு சொல்ற விலாசம், அத வாசிக்கிறது. எஸ்.சி.சி., ஏ.ஐ.ஆர். எல்லாம் தீர்ப்புத் தொகுப்புகளோட பேர். (2014) 10 எஸ்.சி.சி. 473னா 2014ஆம் வருஷத்து பத்தாவது தொகுதி, 473ஆம் பக்கம். அதே அன்வர் தீர்ப்பு ஏ.ஐ.ஆர்.ல 2015 எஸ்.சி. 180. தீர்ப்பு வந்தது 2014 செப்டம்பர் 18. ஏ.ஐ.ஆர். தொகுதி மட்டும்தான் 2015. சைட்டேஷன்ல இருக்கிற வருஷம் எப்பவும் தீர்ப்பு வருஷம்னு நினைச்சு தேதி வடிகட்டியப் போட்டா ஒண்ணும் கிடைக்காது. சீனியர் சி.டி.சி. இல்ல எல்.டபிள்யூ. மாதிரி வேற தொகுப்போட சைட்டேஷன மட்டும் சொல்லி எடுத்துட்டு வானு அனுப்பினா பயப்படாதீங்க. அந்த சைட்டேஷன மேற்கோள் குறிக்குள்ள போட்டு இண்டியன் கானூன்ல தேடுங்க. வேற ஏதாவது தீர்ப்பு அத கட்சிக்காரர் பேரோட எடுத்துக் காட்டியிருக்கும். பேர் கிடைச்சா தீர்ப்பும் கிடைக்கும்.

கோர்ட்ல தாக்கல் பண்றதுக்கு இண்டியன் கானூன் பிரதிய நான் சிபாரிசு பண்ண மாட்டேன். உச்ச நீதிமன்றத்தோட டிஜிட்டல் எஸ்.சி.ஆர். (சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ்) தளத்துக்குப் போங்க. 1950ல இருந்து வர்ற அதிகாரபூர்வ தொகுப்பு, பி.டி.எஃப். இலவசம். எந்தத் தொகுப்பையும் சாராம கோர்ட்டே கொடுக்கிற, 2023ல வந்த நடுநிலை சைட்டேஷனும் அதுல இருக்கும், வருஷம், ஐ.என்.எஸ்.சி., ஒரு எண். மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்புனா நடுவுல எம்.எச்.சி. ஹைகோர்ட்டோட சொந்தத் தளத்துலயும் ஈ-கோர்ட்ஸ் தீர்ப்புத் தேடல் பக்கத்துலயும் பிரதி எடுக்கலாம். தீர்ப்புக்கு மேல இருக்கிற சுருக்கமான ஹெட்நோட்ட மேற்கோள் காட்டாதீங்க, அது தொகுப்பாசிரியர் எழுதினது, நீதிபதி எழுதினது இல்ல. பத்தி எண்ணும் எஸ்.சி.சி.க்கும் எஸ்.சி.ஆர்.க்கும் மாறலாம். எந்தத் தொகுப்ப சொல்றீங்களோ அதோட பத்தி எண்ணையே போடுங்க. தமிழ் மொழிபெயர்ப்புத் தீர்ப்புகள் உச்ச நீதிமன்றத் தளத்துல இருக்கு, கட்சிக்காரருக்குப் படிச்சுக் காட்ட ரொம்ப நல்லது, ஆனா வாதத்துக்கு ஆங்கில மூலம்தான்.

உங்க சொந்த கேஸ் நிலவரத்துக்கு ஈ-கோர்ட்ஸ் ஆப். ஒவ்வொரு வழக்குக்கும் இருக்கிற தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண் 16 எழுத்து, இடையில கோடோ இடைவெளியோ வேண்டாம். தமிழ்நாட்டு மாவட்ட கோர்ட்டுகள்னா டி.என்.ல ஆரம்பிக்கும். அங்க பதிவிறக்குற உத்தரவு தகவலுக்குத்தான். சான்றிட்ட நகலுக்கு காப்பி அப்ளிகேஷன் போட்டுத்தான் ஆகணும்.

கடைசியா ஏ.ஐ. சாட்பாட். இல்லாத தீர்ப்ப பேர், வருஷம், பக்க எண்ணோட அழகா எழுதிக் கொடுக்கும். நியூயார்க்ல மாட்டா எதிர் அவியான்கா வழக்குல அப்படி வந்த பொய்த் தீர்ப்புகள தாக்கல் பண்ணினதுக்கு 2023 ஜூன்ல 5,000 டாலர் அபராதம் விழுந்துச்சு. கேள்வியப் பிரிச்சுக்கவும், தேட வேண்டிய வார்த்தைகள யோசிக்கவும் அதக் கேளுங்க. அது சொன்ன உச்ச நீதிமன்ற சைட்டேஷன் ஒவ்வொண்ணையும் டிஜிட்டல் எஸ்.சி.ஆர்.ல கட்சிக்காரர் பேர் போட்டுத் தேடுங்க. ரெண்டு தளத்துல தேடியும் பி.டி.எஃப். கண்ணுக்கு வரலைன்னா குறிப்புல இருந்து அந்த வரிய எடுத்துடுங்க.

எல்லா இணைப்பும் கீழ டிஸ்கிரிப்ஷன்ல போட்டிருக்கேன். பிரிவு 63ஓட அட்டவணை பக்கத்த மட்டும் இன்னைக்கே ஒரு பிரிண்ட் எடுத்து வெச்சுக்கங்க.