கத்யூஷா ஏன் மறுத்தாள்?

(வெள்ளவத்தையில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்த மழைக்குள்ளும் இவ்வளவு பேர் வந்திருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

இன்றைக்குத் தோல்ஸ்தோயின் 'புத்துயிர்ப்பு' நாவலைப் பற்றிப் பேசப்போகிறேன். இங்கே இருக்கும் மூத்தவர்கள் ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பில் இதைப் படித்திருப்பீர்கள். வழக்கமாக இந்த நாவலை எப்படிச் சொல்வார்கள்? ஒருவன் ஒரு பெண்ணுக்குத் துரோகம் செய்தான், பிறகு மனம் வருந்தினான், பிராயச்சித்தம் தேடினான், மீண்டான் என்று. அப்படிச் சொன்னால் இது நெஹ்லூதவ் என்ற இளவரசனின் கதை. எனக்கு அது போதவில்லை. அவன் கொண்டுவந்து நீட்டிய பிராயச்சித்தத்தை வேண்டாம் என்று சொன்னாளே கத்யூஷா, அவளுடைய கதையாகத்தான் இதைப் படிக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெஹ்லூதவ் மாணவனாக இருக்கும்போது கோடைக்கு அத்தைமாரின் பண்ணைக்கு வருகிறான். அங்கே கத்யூஷா இருக்கிறாள். பதினாறு வயது, அந்த வீட்டில் பாதி வளர்ப்புப் பிள்ளை, பாதி வேலைக்காரி. அந்தக் கோடையில் இருவருக்கும் இடையில் வந்தது களங்கமில்லாத அன்பு. மூன்று வருடம் கழித்து இராணுவ அதிகாரியாக, ஈஸ்டர் சமயத்தில் மறுபடி வருகிறான். ஆற்றில் பனிக்கட்டி உடைந்து நொறுங்கும் சத்தம் கேட்கும் ஓர் இரவில் அவளைக் கெடுக்கிறான். புறப்பட்டுப் போகும்போது ஒரு நூறு ரூபிள் தாளை அவளிடம் திணித்துவிட்டுப் போகிறான்.

இந்த இடத்தில் தோல்ஸ்தோய் காட்டும் ஒன்றைக் கவனியுங்கள். நெஹ்லூதவுக்கு உடனே உறுத்துகிறது. அந்த உறுத்தலை அவன் எப்படி அடக்குகிறான்? நண்பன் ஒருவன் ஒரு வீட்டு ஆசிரியையோடு இப்படித்தான் நடந்துகொண்டான், மாமா இப்படித்தான், அப்பாவுக்கே ஒரு குடியானவப் பெண்ணிடம் ஒரு மகன் உண்டு. எல்லோரும் செய்வது என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் போல, என்று சமாதானம் செய்துகொள்கிறான். அந்தத் துரோகத்தைச் செய்ய அவன் அரக்கனாக இருக்கத் தேவைப்படவில்லை. அவன் வர்க்கத்தில் அது ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

நாங்கள் கொழும்பில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறோம். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து, எத்தனை பெண் பிள்ளைகள் இந்த நகரத்து வீடுகளுக்கு வேலைக்கு வந்திருக்கிறார்கள்! "எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று சொல்லித்தான் கூட்டிவருவோம். அந்தப் பிள்ளை குசினியில் பாய் போட்டுப் படுக்கும். அதற்கு ஏதாவது நடந்தால், சம்பளத்தோடு மேலே கொஞ்சம் காசையும் கையில் வைத்து ஊருக்கு அனுப்பிவிடும் வழக்கமும் இந்த நகரத்துக்குத் தெரியாததல்ல. பாதி வளர்ப்புப் பிள்ளை, பாதி வேலைக்காரி என்ற அந்த வரியை ரஷ்யாவின் பழைய காலத்துச் சங்கதி என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

சரி, கதைக்கு வருவோம். அவள் கர்ப்பமாக இருக்கும்போது ஒருநாள் அவன் வரும் ரயில் அந்தப் பக்கமாகப் போகிறது. மழை, இருட்டு. நிலையத்துக்கு ஓடுகிறாள். முதல் வகுப்புப் பெட்டியின் வெளிச்சத்தில், சீட்டாடும் அதிகாரிகளோடு அவன் சிரித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. கண்ணாடியில் தட்டுகிறாள். வண்டி கிளம்பிவிடுகிறது. மேடையின் நுனிவரை கூடவே ஓடுகிறாள். அடுத்த வண்டியில் விழுந்துவிடலாம் என்று நினைக்கும்போது வயிற்றில் குழந்தை அசைகிறது, திரும்பி நடக்கிறாள். அந்த இரவோடுதான் அவளுக்குக் கடவுள் மீதும் நன்மை மீதும் இருந்த நம்பிக்கை போய்விடுகிறது. குழந்தை பிறகு இறந்துபோகிறது, அவள் விபசார விடுதிக்குப் போய்ச் சேருகிறாள். உலக இலக்கியத்தில் துரோகத்தை இதைவிடத் துல்லியமாக எழுதிய பக்கங்களை நான் படித்ததில்லை. அவன் வேண்டுமென்று முகத்தைத் திருப்பவில்லை. அவள் வெளியே நிற்பதே அவனுக்குத் தெரியாது.

வருடங்கள் போகின்றன. ஒரு வியாபாரிக்கு நஞ்சு கொடுத்துக் கொன்றதாக அவள் மீது வழக்கு. ஜூரிகளில் ஒருவனாக நெஹ்லூதவ் உட்கார்ந்திருக்கிறான். அடையாளம் கண்டதும் அவனுக்கு முதலில் வருவது இரக்கம் இல்லை, பயம். எங்கே அவளும் தன்னை அடையாளம் கண்டு எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவாளோ என்ற பயம். ஜூரிகள் அவள் கொல்லும் நோக்கத்தோடு செய்யவில்லை என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் களைப்பிலும் குழப்பத்திலும் அதைத் தீர்ப்பில் எழுத மறந்துவிடுகிறார்கள். அவனும் கவனிக்கவில்லை. அதனால் அவளுக்கு நான்கு வருடக் கடூழியத் தண்டனை, சைபீரியாவுக்கு.

அன்றிரவு அவன் அழுகிறான். அந்தக் கண்ணீரைப் பற்றித் தோல்ஸ்தோய் சொல்வது அபூர்வமானது. அது நல்ல கண்ணீரும்தான், கெட்ட கண்ணீரும்தான் என்கிறார். உள்ளே உறங்கிக் கிடந்தவன் விழித்துக்கொண்டதால் நல்லது. தன்னுடைய நல்ல குணத்தைக் கண்டு தானே உருகி அழுததால் கெட்டது. குற்ற உணர்வுக்குள் இப்படி ஓர் இனிப்பு இருக்கிறது என்பதைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் எடுத்துக் காட்டுகிறார்.

அந்த உருக்கத்தோடுதான் சிறைக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறான். அவள் பத்து ரூபிள் கேட்கிறாள். பிறகு கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறான். அவள் வெடித்துவிடுகிறாள். இந்த உலகத்தில் என்னை வைத்துச் சுகம் கண்டாய், அந்த உலகத்திலும் என்னை வைத்தே தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறாய் என்ற கருத்தில் அவள் கத்துகிறாள். என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர் இங்கேதான். குற்றம் செய்தவன் மன்னிப்புக் கேட்டு வந்து நிற்கும்போதும், பாதிக்கப்பட்டவளை இன்னொரு முறை தன் தேவைக்குப் பயன்படுத்தலாம். அன்று அவளுடைய உடம்பு, இன்று அவளுடைய மன்னிப்பு. அவனுக்குத் தெரியாததை அவள் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிட்டாள்.

அப்புறம் அவன் மாறுகிறான்தான். எங்கே மாறுகிறான் என்று பார்த்தால் பிரார்த்தனையில் இல்லை, கண்ணீரிலும் இல்லை. அவளுக்காக வக்கீல் வீட்டுக்கும் மேன்முறையீட்டுக்கும் அலைகிறான். அலையும்போது மற்றக் கைதிகளின் மனுக்களும் கைக்கு வருகின்றன. வீட்டுக்குத் தீ வைத்ததாகப் பொய்யாக உள்ளே போட்ட ஒரு தாயும் மகனும், அனுமதிச் சீட்டின் காலம் முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் அடைக்கப்பட்ட கல்வேலைத் தொழிலாளர்கள். இவர்களுக்காகக் கதவு கதவாகத் தட்டும்போது தன் ஆத்துமாவைப் பற்றிய நினைப்பே அவனுக்குக் குறைந்துபோகிறது. எனக்கு அவன் மீது மரியாதை வருவது அங்கேதான்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1887ல் கோனி என்ற சட்டத்துறை அதிகாரி, உண்மையில் நடந்த இப்படியான ஒரு சம்பவத்தைத் தோல்ஸ்தோயிடம் சொன்னார். அதில் அந்தப் பெண் கல்யாணத்துக்கு முன்பே சிறையில் காய்ச்சலில் இறந்துபோனாள். அது அவரை ஏன் அப்படிப் பிடித்து ஆட்டியது? இளமையில் தன் உறவினர் வீட்டுப் பணிப்பெண் ஒருத்தியைத் தானே கெடுத்ததாக, முதுமையில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நாவல் வருடக்கணக்கில் நகரவில்லை. முதல் வடிவத்தில் நெஹ்லூதவும் கத்யூஷாவும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். 1895 நவம்பரில் நாட்குறிப்பில் எழுதுகிறார்: தொடக்கமே பிழை, அவளிலிருந்து தொடங்கவேண்டும் என்று. 1899ல் வெளிவந்த நாவல், காவல் சிப்பாய்கள் அவளைச் சிறையிலிருந்து நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போவதோடு தொடங்குகிறது. அவளிடமிருந்து தொடங்கிய பிறகு, அந்தக் கல்யாணம் கதையில் நிற்கவில்லை.

சைபீரியா போகும் வழியில் சிமன்சன் என்ற அரசியல் கைதி அவளை விரும்புகிறான். பழைய கடன் எதையும் தீர்ப்பதற்காக இல்லை, இப்போது இருக்கும் அவளுக்காக. அதைக் கேட்டதும் நெஹ்லூதவுக்கு விடுதலை போலவும் இருக்கிறது, கூடவே ஒரு கசப்பும் வருகிறது. இன்னொருவனும் அவளைக் கல்யாணம் செய்யத் தயார் என்றால் தன்னுடைய தியாகத்தின் மதிப்புக் குறைந்துபோகிறதே! இவ்வளவு தூரம் வந்த பிறகும் அவனுக்குள் அது இருந்தது என்று எழுத எவ்வளவு நேர்மை வேண்டும். அவள் சிமன்சனோடு போவதாகச் சொல்கிறாள். நெஹ்லூதவ் மீதுள்ள அன்பினால், அவன் வாழ்க்கையைக் கெடுக்கக்கூடாது என்றுதான் அப்படி முடிவெடுத்தாள் என்பது அந்தக் கடைசிச் சந்திப்பில் அவனுக்குப் புரிகிறது. முதல் மறுப்பு கோபத்தில் வந்தது, இரண்டாவது அன்பில் வந்தது. இரண்டுமே அவள் எடுத்த முடிவுகள்.

அதற்குப் பிறகு அவன் வேதாகமத்தைத் திறந்து மத்தேயுவைப் படிக்க, நாவல் முடிகிறது. அதே காலத்து ரஷ்ய எழுத்தாளர் செகாவுக்கு இது பிடிக்கவில்லை. 1900ல் எழுதிய கடிதமொன்றில், எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வேதவசனத்தின் மேல் போட்டுவிட்டார் என்று குறைப்பட்டார். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன், அந்தப் பக்கங்கள் எனக்கும் பிரசங்கமாகத்தான் படுகின்றன. ஆனால் அதே கடிதத்தில், நெஹ்லூதவுக்கும் கத்யூஷாவுக்கும் இடையிலுள்ள உறவுதான் நாவலில் சுவாரசியம் குறைந்த பகுதி என்றும் சொல்கிறார். செகாவை எவ்வளவு நேசித்தாலும் அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. முழு நாவலுக்கும் நேரமில்லாதவர்கள் முதற்பாகத்தில் ரயில் நிலைய அத்தியாயத்தையும், அவள் கத்தும் அந்தச் சிறைச் சந்திப்பையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். செகாவோடு எனக்குள்ள வழக்கை அடுத்த கூட்டத்தில் நீங்களே தீர்த்துவையுங்கள்.